அதிர்ந்து பேசாத பொண்ணு டீச்சர் ஆகலாமா?

அக்கா, உங்க வாய்ஸ் மெசேஜ் மூணையும் எம்ஆர்டி ரயில்ல வரும்போதே கேட்டுட்டேன். பொண்ணு மேத்ஸ் டிகிரி முடிச்சிட்டா, டீச்சராத்தான் ஆவேன்னு நிக்கிறா, ஆனா ரெண்டு வாரம் இங்க சிங்கப்பூர் ஸ்கூல்ல ரிலீஃப் டீச்சிங் (லீவுல போன டீச்சருக்குப் பதிலா பாடம் எடுக்கிறது) போயிட்டு வந்து கதவ சாத்திக்கிட்டு அழுதா, "வீட்லயே அதிர்ந்து பேசமாட்டா, 40 பிள்ளைங்கள எப்படி அடக்குவா"ன்னு கேக்குறீங்க.

ரிலீஃப் டீச்சர் பொழப்பு பாவம்க்கா. பசங்க பேரு தெரியாது, யார யார் பக்கத்துல உக்கார வைக்கக்கூடாதுன்னு தெரியாது, இவங்க நாளைக்கு வரமாட்டாங்கன்னு மட்டும் பசங்களுக்கு நல்லா தெரியும். நானும் ஒரு தொடக்கப்பள்ளிக்கு போனவன்தான், கத்தி கத்தி தொண்டை கட்டுனதுதான் மிச்சம். மூணாவது நாள் பக்கத்து கிளாஸ் டீச்சர் வந்து வாசல்ல நின்னாங்க, ஒரு வார்த்தை பேசல, கிளாஸ் கப்சிப். பிறவிலயே வந்த வரம் போலன்னு நெனச்சேன். கேட்டா சிரிக்கிறாங்க, ஜனவரில மொத ரெண்டு வாரம் பாடத்த பெருசா தொடாம, எப்படி உள்ள வரணும், புக்க எப்ப எடுக்கணும், பேசணும்னா என்ன பண்ணணும்னு இதையே திரும்பத் திரும்ப பழக்கியிருக்காங்க. நான் ஜூலைல போய் அறுவடைய மட்டும் பாத்துட்டு வந்திருக்கேன்.

அதனால குரல் சின்னதுங்கிறது ஒரு குறையே இல்ல. இது கத்துக்கிற வேலை. டீச்சர் பயிற்சி குடுக்கிற என்ஐஇல, டிகிரி முடிச்சவங்களுக்கான பிஜிடிஇ டிப்ளோமா பண்ணும்போது பாடத்த பிரிச்சு திட்டம் போடுறது, கேள்வி கேட்டுட்டு உடனே பதில் சொல்லாம காத்திருக்கிறது எல்லாம் சொல்லித்தருவாங்க, அப்புறம் ஸ்கூலுக்கே அனுப்பி பாடம் நடத்த விடுவாங்க, பின்னாடி ஒரு அனுபவமுள்ள டீச்சர் உக்காந்து குறிப்பு எடுப்பாங்க. அந்தக் குறிப்பு சில நாள் வலிக்கும், ஆனா அங்கதான் டீச்சர் உருவாகுறாங்க.

இப்ப கிளாஸும் நம்ம காலத்து கிளாஸ் இல்ல பாருங்க. செகண்டரில எல்லா பிள்ளைக்கும் ஆளுக்கொரு லேப்டாப்போ ஐபேடோ இருக்கு, பாடம் எஸ்எல்எஸ்ங்கிற ஆன்லைன் பாடத் தளத்துல ஓடுது, டீச்சர் முன்னாடியே நின்னா பின் வரிசைல என்ன விண்டோ திறந்திருக்குன்னு எப்படி தெரியும்? யார் ஸ்கிரீன்ல என்ன இருக்குன்னு பாக்க சாஃப்ட்வேர் இருக்குதான், ஆனா நல்ல டீச்சருங்க அத நம்பி உக்காரமாட்டாங்க, ஸ்கிரீன மூடச் சொல்லிட்டு என்ன செய்யணும்னு சொல்லி முடிச்சுத்தான் திறக்க விடுவாங்க, பின்னாடி நடந்துக்கிட்டே இருப்பாங்க. 2024ல இருந்து பிள்ளைங்கள மார்க்க வச்சு எக்ஸ்பிரஸ், நார்மல்னு பிரிக்கிறதும் போச்சு, ஃபார்ம் கிளாஸ்ல (அவங்க சொந்த வகுப்புல) எல்லா விதமான பிள்ளைங்களும் ஒண்ணா இருக்காங்க, மேத்ஸ் மாதிரி பாடத்துக்கு மட்டும் ஜி1, ஜி2, ஜி3ன்னு மூணு லெவலா பிரிஞ்சு போவாங்க. அப்பவும் ஒரே கணக்க ஒருத்தன் ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டு வம்பு பண்ணுவான், இன்னொருத்தி கேள்வியே புரியாம உக்காந்திருப்பா. பாதி நேரம் சத்தம் வர்றது சேட்டையால இல்லக்கா, போர் அடிக்கிறதால.

உங்க அண்ணி சொன்ன "தமிழ் டீச்சரா போ, சின்ன கிளாஸ், ஈஸி" யோசனை எனக்குப் பிடிக்கல. வீட்ல முழுக்க இங்லீஷ் பேசுற பிள்ளைய தமிழ்ல வாய திறக்க வைக்கிறது லேசுப்பட்ட வேலையா என்ன?

வேலைப்பளு பத்தி மறைக்கமாட்டேன். ஓஇசிடிங்கிற உலக நாடுகள் அமைப்போட 2024 சர்வேல இங்க டீச்சருங்க வாரத்துக்கு சராசரியா 47 மணி நேரம் வேலை செய்றாங்கன்னு வந்துச்சு, அதுல கிளாஸ்ல நிக்கிற நேரம் பாதிகூட இல்ல, மிச்சமெல்லாம் திருத்துறது, மீட்டிங், பேரண்ட்ஸ் மெசேஜ், சிசிஏன்னு சொல்ற விளையாட்டு, கலை மாதிரி பாடத்துக்கு வெளிய இருக்கிற வேலைங்க.

என்ஐஇல படிக்கும்போதே சம்பளம் குடுப்பாங்க, பதிலுக்கு இத்தனை வருஷம் வேலை செய்யணும்னு பாண்ட் இருக்கு, நடுவுல விட்டா காசு கட்டணும். அதனால அவசரப்பட்டு கையெழுத்து போடவேண்டாம். ரெண்டு வாரத்த வச்சு முடிவு பண்ணாம, ஒரே ஸ்கூல்ல சில மாசம் கான்ட்ராக்ட் டீச்சிங் கிடைக்குதான்னு பாக்கட்டும், அவளுக்குன்னு ஒரு கிளாஸ் இருக்கணும், பேரெல்லாம் மனப்பாடமாகணும்.

இன்னிக்கு ராத்திரி அவகிட்ட ஏன் அழுதேன்னு கேக்காதீங்க. அந்த கிளாஸ்ல எந்தப் பிள்ளை ஞாபகத்துல நிக்குது, மறுபடி போனா அந்தப் பிள்ளைய என்ன பண்ணுவேன்னு கேளுங்க. "போகவே மாட்டேன்"னா வேற வழி பேசலாம். பேச ஆரம்பிச்சு நிறுத்தாம போனான்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா தேக்கா பக்கம் கூட்டிட்டு வாங்க, நீங்க டீ குடிச்சிக்கிட்டு இருங்க, நான் அவகிட்ட தனியா பேசணும்.