சோனி இசட்வி-ஈ10-இல் கல்யாண வீடியோ எடுக்க கிட் லென்ஸ் போதுமா? அடுத்து என்ன வாங்கலாம்?

பகலில் வெளியே எடுக்க கேமராவோடு வரும் அந்த 16-50 மி.மீ. கிட் லென்ஸே போதும். மண்டபத்துக்குள்தான் தடுமாறும். 50-க்கு ஜூம் செய்தால் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) எஃப்5.6-க்குச் சுருங்கிவிடும், தாலி கட்டும் நேரத்தில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) எகிறி, மணப்பெண் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். சிக்மா 18-50 எஃப்2.8-இல் அதே இடத்தில் நான்கு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் அதில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் இல்லை, உங்கள் கேமரா பாடியிலும் டிஜிட்டல் முறையில் மட்டும்தான் உண்டு. அதனால் மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) கட்டாயம். கிம்பலை (நடுக்கத்தை மோட்டாரால் சமன் செய்யும் பிடியை) அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டரை 1/50-இல் வையுங்கள். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதோடு இந்த ஷட்டர் ஒத்துப்போவதால் வீடியோவில் டியூப்லைட் வெளிச்சம் துடிக்காது. வெயிலில் இதே ஷட்டருக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். ஃபில்டர் அளவு கிட் லென்ஸுக்கு 40.5 மி.மீ., சிக்மாவுக்கு 55. 55-இல் ஒரே ஃபில்டர் வாங்கி, கிட் லென்ஸுக்கு ஸ்டெப்-அப் ரிங் (பெரிய ஃபில்டரைச் சின்ன லென்ஸில் மாட்டும் வளையம்) போட்டால் காசு மிச்சம்.