ஆயில் லீக்: நாமளே கை வைக்கலாமா, மெக்கானிக்கிட்ட விடணுமா?

வாசகர் கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 9 வருஷம் ஆச்சு. 2 வாரம் முன்னாடி நானே ஆயிலும் ஃபில்டரும் மாத்தினேன். இப்போ காலையில வண்டியை நகர்த்தினா தரையில நாலஞ்சு சொட்டு கெடக்கு. ஒரு மெக்கானிக் கீழ எட்டிப் பார்த்துட்டு, பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்னு சொல்றார். ஃப்ரெண்டு ஒருத்தன் வெறும் பேக்கிங்தான், நீயே மாத்திடலாம்ங்கறான். ஸ்பேனர் செட் இருக்கு, ஓரளவு கை வேலையும் தெரியும். நானே பண்ணலாமா?

பண்ணலாமா வேணாமாங்கறதை அப்புறம் பாப்போம், எங்கேருந்து ஒழுகுதுன்னே இன்னும் யாருக்கும் தெரியலையே! மெக்கானிக் சொன்னதும் யூகம், ஃப்ரெண்டு சொன்னதும் யூகம். (மெக்கானிக் சொல்ற சீல், என்ஜினோட கிராங்க் தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளிய வர்ற எடத்துல ஆயில் வராம அடைக்கற வளையம். ஃப்ரெண்டு சொல்ற பேக்கிங், ரெண்டு பாகம் சேர்ற எடத்துல நடுவுல வைக்கற அடைப்பு.) சொட்டு விழற எடமும் ஒழுகற எடமும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, வீட்டுக் கூரை மாதிரிதான், ஓடு உடைஞ்சது ஒரு மூலையில இருக்கும், தண்ணி சொட்டறது இன்னொரு மூலையில இருக்கும். வண்டி ஓடும்போது காத்து வேற ஆயிலைப் பின்னாடி தள்ளிட்டுப் போகும். அதனால ஈரம் இருக்கறதுலயே ஒசரமான, முன்னாடி இருக்கற எடம் எதுவோ அதைத்தான் மொதல்ல சந்தேகப்படணும்.

மொதல்ல அது என்ஜின் ஆயில்தானான்னு பாருங்க. ராத்திரி ஒரு வெள்ளை அட்டையை அடியில போட்டு வைங்க. தேன் கலர்லயோ கருப்பாவோ இருந்தா பெரும்பாலும் என்ஜின் ஆயில். செவப்பா இருந்தா பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் இல்லன்னா பவர் ஸ்டியரிங் ஆயில். பச்சையோ பிங்க்கோ, தொட்டா தண்ணி மாதிரி, லேசா இனிப்பு வாசனை வந்தா கூலன்ட். வெறும் தண்ணின்னா ஏசிலேர்ந்து வர்றது, விட்டுடுங்க. சக்கரத்துக்குப் பக்கத்துல மஞ்சளா வழவழன்னு இருந்தா பிரேக் ஆயிலா இருக்கலாம், அப்படின்னா நீங்களே பண்ணலாமாங்கற கேள்வியே வேணாம், வண்டியை எடுக்காதீங்க, ஆளை வரச் சொல்லுங்க.

என்ஜின் ஆயில்தான்னு தெரிஞ்சா, என்ஜின் நல்லா ஆறினப்புறம் மண்ணெண்ணெயோ டிகிரீசரோ பிரஷ்ல தொட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் கழுவித் தொடைச்சுடுங்க. ஆல்டர்னேட்டர், வயரிங் பக்கம் போகாதீங்க. இது போரடிக்கற வேலைதான், ஆனா இதைச் செய்யாம லீக் தேடறது இருட்டுல ஊசி தேடற கதை. காஞ்சதும் சந்தேகமான எடத்துல எல்லாம் டால்கம் பவுடரைத் தூவி, ஒரு 15 நிமிஷம் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சு, கை போகாத எடத்துல சின்னக் கண்ணாடி வெச்சுப் பாருங்க. வெள்ளைப் பவுடர்ல ஆயில் வந்த வழி கோடு போட்ட மாதிரி கருப்பாத் தெரியும், அந்தக் கோட்டைப் புடிச்சுக்கிட்டே மேல போனா ஆள் மாட்டிப்பான்.

உங்க விஷயத்துல எனக்குக் கண்ணை உறுத்தறது அந்த '2 வாரம் முன்னாடி' தான். ஆயில் மாத்தின கையோட லீக் ஆரம்பிச்சா, மொத சந்தேகம் கடைசியா கை வெச்ச எடத்து மேலதான், அதாவது ஃபில்டரும், பழைய ஆயிலை வடிக்கக் கழட்டற ட்ரெயின் போல்ட்டும். வேலை கத்துக்கிட்ட புதுசுல நான் ஒரு ஃபில்டரைக் கழட்டிப் புதுசை மாட்டி, ஸ்டார்ட் பண்ணின ஒரு நிமிஷத்துக்குள்ள தரையெல்லாம் ஆயில் குளம். பழைய ஃபில்டரோட ரப்பர் ரிங் என்ஜின்லயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, அதைப் பாக்காம அது மேலயே புது ரிங்கை வெச்சு முறுக்கியிருக்கேன். எனக்காவது ஒரேயடியா கொட்டி மானத்தை வாங்குச்சு, சில வண்டியில நாள்கணக்கா சொட்டு சொட்டா கசியும். ட்ரெயின் போல்ட்டுல வாஷர் மாத்தினீங்களா? செம்பு, அலுமினிய வாஷர் ஒரு தடவை நசுங்கினா அடுத்த தடவை சரியா அடைக்காது. அதுக்காக லீக் நிக்கட்டும்னு போல்ட்டை மேல மேல முறுக்காதீங்க, சம்ப் (என்ஜின் அடியில ஆயில் தங்கற தொட்டி) அலுமினியமா இருந்தா மரை கழண்டுடும், வாஷரோட போக வேண்டியது சம்ப் வரைக்கும் போயிடும். இந்த ரெண்டும் தாராளமா நீங்களே பண்ற வேலை.

அது இல்லன்னா அடுத்த ஆள் டாப் கவர் பேக்கிங். டாப் கவர்ங்கறது என்ஜின் உச்சியில இருக்கற மூடி, டாப்பெட் கவர்னும் சொல்லுவோம். 9 வருஷ வண்டியில சூட்டுல அந்த ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாயிடும். அங்கேருந்து கசியற ஆயில் என்ஜின் ஓரமா இறங்கி கியர்பாக்ஸ் சேர்ற எடத்துல வந்து சொட்டும், கீழேர்ந்து பாக்கறவருக்கு அப்படியே பின்பக்க சீல் போன மாதிரியே இருக்கும், உங்க மெக்கானிக் ஏமாந்தது இதுலயா கூட இருக்கலாம். சில வண்டியில அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (என்ஜின்லேர்ந்து புகை வெளிய வர்ற சூடான குழாய்) மேல விழுந்து கருகின வாசனை வரும், அப்படி வந்தா தள்ளிப் போடாதீங்க. 200 டிகிரி தாண்டினாலே ஆயில் தீப்பிடிக்கற ஆவியை விட ஆரம்பிச்சுடும், மேனிஃபோல்டு சூடு அதையெல்லாம் சாதாரணமா தாண்டும்.

டாப் கவரையும் நீங்களே மாத்தலாம், அடியில படுக்க வேணாம், எல்லாம் மேலேயே இருக்கு. ஒரே கண்டிஷன், டார்க் ரெஞ்ச் வேணும், அதாவது எவ்வளவு முறுக்கறோம்னு அளந்து முறுக்கற ஸ்பேனர். அந்த போல்ட்டுங்க பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான், உங்க வண்டிக்கு சரியான அளவை மேனுவல்ல பாத்துக்கங்க, கைக்கணக்குல முறுக்கினா கவர் விரிசல் விடும். சிலிகான் பேஸ்ட்டை அள்ளி அப்பாதீங்க, உள்பக்கம் பிதுங்கினது பிஞ்சு விழுந்தா சம்ப்ல இருக்கற வடிகட்டியை அடைச்சு என்ஜினுக்கே ஆயில் போகாம பண்ணிடும். கூடவே பிசிவி வால்வையும் (என்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை வெளியேத்தற வால்வு) பாருங்க, அது அடைச்சிருந்தா உள்ள பிரஷர் ஏறி, புது பேக்கிங்கையும் கொஞ்ச நாள்ல தள்ளிடும்.

எது எதுல கை வைக்கக் கூடாதுன்னா, கிராங்க் முன்பக்க சீல் (டைமிங் பெல்ட் கழட்ட வேண்டி வர்ற வண்டின்னா அதைத் தப்பா மாட்டினா சில என்ஜின்ல வால்வே வளைஞ்சுடும்), பின்பக்க சீல், அப்புறம் என்ஜினைத் தூக்கினாத்தான் சம்ப் கழண்டு வரும்ங்கற மாடல்கள். வாரன்டி இருந்தா எதையும் தொடாதீங்க. அடியில போற வேலை எதுவா இருந்தாலும் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீங்க, ஸ்டாண்ட் இல்லன்னா அந்த வேலையே வேணாம்.

லீக்கை நிறுத்தற மருந்துன்னு பாட்டில்ல விக்கறாங்களே, அது ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், நாள் கடத்தலாம், அவ்வளவுதான். கிழிஞ்ச பேக்கிங்கை அது தைக்காது.

இதெல்லாம் முடியற வரைக்கும் தினம் காலையில டிப் ஸ்டிக் பாருங்க. மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவுல நிறைய கார்ல சுமார் 1 லிட்டர்தான். கீழ் கோட்டைத் தொட விடாதீங்க, ஓட்டறப்போ செவப்பு ஆயில் லைட் எரிஞ்சா அடுத்த சிக்னல் வரைக்கும் போயிடலாம்னு நெனைக்காம அங்கேயே ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடுங்க.

ஃபில்டர், ட்ரெயின் போல்ட், டாப் கவர் மூணும் பவுடர் போட்டும் காஞ்சே இருக்கு, என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற எடத்துலேர்ந்து மட்டும் ஆயில் வருதுன்னா மெக்கானிக் சொன்னது சரி, வண்டியை அவர்கிட்டயே குடுத்துடுங்க. கியர்பாக்ஸ் எப்படியும் இறங்குது, மேனுவல் வண்டியா இருந்தா கிளட்ச் பிளேட்டையும் ஒரு பார்வை பாக்கச் சொல்லுங்க. தேஞ்சிருந்தாலோ ஆயில் பட்டிருந்தாலோ அப்பவே மாத்திடுங்க, அதுக்குன்னு இன்னொரு தடவை இறக்கறதுக்குக் கூலி குடுக்க வேணாம்.