ஏழாவது செல் மட்டும் ஏன்?

வீட்டு மின்சாரம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: டியூபுலர் (ஈய-அமில) பேட்டரிகளை எடுத்துவிட்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி வைத்தோம். மாடியில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது. சில மாதங்களாகப் பகலில் 92 சதவீதம் காட்டும்போதே சார்ஜ் ஏறுவது நின்றுவிடுகிறது. இரவில் ஏ.சி.யும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்து ஓடினால், 35 சதவீதம் மிச்சமிருக்கும்போதே வீடு இருண்டுவிடுகிறது. செயலியைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். பகலில் 45 ஆம்பியர் ஏறும்போது 7ஆம் செல் 3.65 வோல்ட், மற்றவை 3.38. இரவில் 62 ஆம்பியர் இறங்கும்போது 7ஆம் செல் 2.80, மற்றவை 3.17. இணைப்பு துண்டிக்கப்பட்ட சில நொடிகளில் 7ஆம் செல்லும் மற்றவற்றோடு சமமாகிவிடுகிறது. ஒரு டெக்னீஷியன் செல் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருந்து அதைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுச் சுற்று) பழுது, அதை விலக்கிவிட்டு நேராக இணைத்துக்கொள்ளலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். உங்கள் கேள்விக்கான விடை நீங்களே குறித்து வைத்திருக்கும் எண்களில் இருக்கிறது, அதிலும் முக்கியமாக "சில நொடிகளில் சமமாகிவிடுகிறது" என்ற வரியில் இருக்கிறது.

உங்கள் பெட்டிக்குள் 16 லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் சராசரி மின்னழுத்தம் 3.2 வோல்ட்; பதினாறையும் கூட்டினால் 51.2. பி.எம்.எஸ். மொத்த வோல்ட்டை மட்டும் பார்ப்பதில்லை, மெல்லிய கம்பிகள் வழியே ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளக்கிறது. ஏதேனும் ஒரு செல் 3.65ஐத் தொட்டால் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், ஏதேனும் ஒன்று கீழ் வரம்புக்கு வந்தால் (உங்கள் பெட்டியில் அது 2.80 என்று அமைக்கப்பட்டிருப்பதாகத் தெரிகிறது) வீட்டுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தும். மற்ற பதினைந்தும் நலமாக இருக்கின்றன என்பதற்காக அது விட்டுக்கொடுப்பதில்லை, விட்டுக்கொடுக்கவும் கூடாது. எனவே உங்கள் பி.எம்.எஸ். தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருக்கிறது.

இனி 7ஆம் செல். மேலே முந்துகிற செல் ஒன்றாகவும் கீழே பிந்துகிற செல் வேறாகவும் இருந்தால், அது செல்களுக்கிடையே சார்ஜ் சமமாக இல்லாததன் அடையாளம். உங்கள் வீட்டில் ஏறும்போது முந்துவதும் இறங்கும்போது பிந்துவதும் ஒரே செல்தான். இதற்குக் காரணம் இரண்டாக இருக்கலாம்: அந்தச் செல்லின் கொள்ளளவு குறைந்திருக்கலாம், அல்லது மின்னோட்டம் போகும் வழியில் எங்கோ தடை இருக்கலாம். கொள்ளளவு குறைந்த செல் உண்மையாகவே காலியாகிப்போவதால், மின்னோட்டம் நின்ற பிறகும் மற்றவற்றைவிடத் தாழ்ந்தே கிடக்கும். தடை என்றால், மின்னோட்டம் நின்ற கணமே வித்தியாசமும் மறைந்துவிடும். உங்களுடையது இரண்டாவது வகை.

கணக்கும் இதையே சொல்கிறது. பகலில் 0.27 வோல்ட் வித்தியாசத்தை 45 ஆம்பியரால் வகுத்தால் 6 மில்லி ஓம் வருகிறது, இரவில் 0.37ஐ 62ஆல் வகுத்தாலும் ஏறக்குறைய அதே 6 மில்லி ஓம்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே தடை கிடைக்கிறது என்றால், நட்டு தளர்ந்த அல்லது களிம்பேறிய பஸ்பார் (செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் உலோகப் பட்டை) இணைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். செல்லின் உட்பகுதியிலேயே தடை கூடியிருக்கவும் வாய்ப்புண்டு, ஆனால் அது அரிது. எது என்பதைக் கீழே சொல்லும் சோதனை காட்டிக்கொடுக்கும். 62 ஆம்பியர் ஓடும்போது இந்தத் தடையில் எரியும் சக்தி 23 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் மேசையில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னை உங்கள் பேட்டரிப் பெட்டிக்குள் செருகி வைத்திருப்பதற்குச் சமம் அது. இந்த நிலையில் பி.எம்.எஸ்.ஸை விலக்கி நேராக இணைத்தால், அந்தச் சூட்டைத் தடுத்து நிறுத்த ஆளே இருக்காது. அந்த யோசனையைச் சொன்னவரை மறுபடி வீட்டுக்குள் விட வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

உறுதி செய்துகொள்ள ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆனால் உத்தரவாதக் காலம் முடியாமல் பெட்டி முத்திரையோடு இருந்தால், நீங்கள் திறக்க வேண்டாம். இந்த எண்களை எழுத்தில் நிறுவனத்துக்கு அனுப்புங்கள், "செல் போய்விட்டது" என்று சொல்லி அவர்களால் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. திறக்கக்கூடிய பெட்டியானால், அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனை அருகில் வைத்துக்கொண்டு, சுமை ஓடும்போது மீட்டரின் இரு முனைகளையும் 7ஆம் செல்லின் அலுமினிய முனைகளின் மேலேயே, அதாவது நட்டிலோ பஸ்பாரிலோ படாமல், வைத்து அளக்கச் சொல்லுங்கள். செயலி 2.80 என்று காட்டும்போது மீட்டர் 3.17 காட்டினால் செல் நிரபராதி. மீட்டரும் 2.80 காட்டினால் தடை செல்லுக்குள்ளேயே இருக்கிறது, அப்போது முதல் டெக்னீஷியன் சொன்னதுதான் சரி. செல் நிரபராதி என்றால், அடுத்து ஒரு முனையை அலுமினியத்திலும் மறு முனையை அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பஸ்பாரிலும் வையுங்கள். நல்ல இணைப்பில் சில மில்லி வோல்ட்தான் வரும். உங்கள் பெட்டியில் ஏதோ ஓரிடத்தில் முந்நூறுக்கு மேல் வரும். பி.எம்.எஸ். கம்பி எந்தப் பக்கம் பூட்டப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்து, குற்றவாளி 6க்கும் 7க்கும் இடையிலோ 7க்கும் 8க்கும் இடையிலோ இருக்கலாம் என்பதால் இரண்டையும் பாருங்கள்.

கழற்றுவதற்கு முன் சோலாரையும் இன்வெர்ட்டரையும் நிறுத்தி, பேட்டரியின் எம்.சி.பி.யை (இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைக்க வேண்டும். அணைத்த பிறகும் செல்கள் உயிரோடுதான் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. 51 வோல்ட் பெரிதாக ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் பலர் கவனக்குறைவாகிறார்கள். ஆபத்து ஷாக்கில் இல்லை, ஸ்பேனர் இரு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் பாயும் ஆயிரக்கணக்கான ஆம்பியரில் இருக்கிறது. ஸ்பேனரின் வாயை மட்டும் விட்டுவிட்டு மீதி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். மோதிரம், கைச்செயின், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

வேதாரண்யம் பக்கம் ஒரு வீட்டில் இதே நோயைப் பார்த்திருக்கிறேன். நட்டைக் கழற்றிப் பஸ்பாரைத் தூக்கியபோது, அதன் அடியில் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தது. அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் தானாகவே உண்டாகும். அது மின்சாரத்தைக் கடத்தாது. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இது இன்னும் விரைவு. நுண்ணிய எமரித் தாளால் இரு பரப்புகளையும் தேய்த்து, துணியால் துடைத்து, காற்றில் விட்டுவைக்காமல் உடனே பூட்ட வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு மேல் முறுக்கினால் மென்மையான அலுமினிய மரை போய்விடும், பிறகு அந்தச் செல்லை நிஜமாகவே மாற்ற வேண்டிவரும்.

சதவீதக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். இந்த வகைச் செல்லில் 20 முதல் 80 சதவீதம் வரை வோல்ட் அதிகம் மாறாது என்பதால், பி.எம்.எஸ். உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் கூட்டிக்கழித்துத்தான் சதவீதம் சொல்கிறது. முழுதாக நிரம்பும்போதுதான் அந்தக் கணக்கு நேராகும். உங்கள் பேட்டரி மாதக்கணக்கில் நிரம்பவே இல்லை. எனவே 92, 35 இரண்டையும் நம்ப வேண்டாம். இணைப்பைச் சரிசெய்ததும் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் முழுதாக நிரம்ப விடுங்கள்.

இன்வெர்ட்டரில் பேட்டரி வகை இன்னும் டியூபுலர் என்றே இருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள். பி.எம்.எஸ்.ஸுடன் பேசும் கம்பி இணைக்கப்படாத வீடுகளில் இது அடிக்கடி நடக்கும் தவறு. சார்ஜ் உச்சம் 56 வோல்ட், ஃப்ளோட் (நிரம்பிய பின் தாங்கி நிற்கும் அளவு) 54 வோல்ட் அளவில் இருந்தால் போதுமானது. ஈய-அமில பேட்டரிக்கு அவ்வப்போது கூடுதல் வோல்ட் கொடுக்கும் ஈக்வலைஸ் என்ற வசதி லித்தியத்துக்குக் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும்.

கேள்வி: என் பேட்டரியில் 11ஆம் செல் நிரம்பும்போது மட்டும் முந்துகிறது, இறங்கும்போது எல்லாம் சமமாகவே இருக்கின்றன. செல்களைச் சமப்படுத்தும் பேலன்சிங் வசதி இருந்தும் ஏன் சரியாகவில்லை?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மேலே சொன்ன "சார்ஜ் சமமாக இல்லாத" வகை இதுவே. பேலன்சர் பெரும்பாலும் செல் 3.4 வோல்ட்டைத் தாண்டிய பின்தான் வேலை செய்யும், அதுவும் 100 மில்லி ஆம்பியர் போன்ற சிறு அளவில். 5 ஆம்பியர்-மணி வித்தியாசத்தை அந்த வேகத்தில் கரைக்க 50 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு உச்சியில் இரண்டு மணி நேரம் நின்றால் 25 நாள். சார்ஜ் உச்சத்தை 55.2 வோல்ட்டாகக் குறைத்து, உச்சியில் தங்கும் நேரத்தைக் கூட்டி வையுங்கள். ஒரு மாதம் பொறுங்கள்.

கேள்வி: புயல் நாட்களில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்த பிறகும் இன்வெர்ட்டர் உயிர்பெறவில்லை. பேட்டரி முனையில் மீட்டர் பூச்சியம் காட்டுகிறது. பேட்டரி செத்துவிட்டதா?
– வாசகர், கடலூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. செல்கள் கீழ் வரம்பைத் தொட்டதும் பி.எம்.எஸ். வெளி இணைப்பைத் துண்டித்துவிட்டு உறங்கப் போயிருக்கிறது, அதனால்தான் முனையில் பூச்சியம். பேட்டரி வோல்ட்டைப் பார்க்காமல் எழுந்திருக்க மறுக்கும் இன்வெர்ட்டரும், சார்ஜர் வோல்ட்டைப் பார்க்காமல் எழுந்திருக்க மறுக்கும் பி.எம்.எஸ்.ஸும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பெட்டியில் ரீசெட் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். சில இன்வெர்ட்டர்களில் லித்தியம் பேட்டரியை எழுப்புவதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. இரண்டும் இல்லையென்றால், 54 வோல்ட்டில் சில ஆம்பியருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தக்கூடிய சார்ஜரை வைத்திருப்பவரை அழையுங்கள். தள்ளிப்போட வேண்டாம், உறக்கத்திலும் பி.எம்.எஸ். செல்களிலிருந்து சொட்டுச்சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும். ஏதேனும் ஒரு செல் 2 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால், சார்ஜ் ஏற்றாமல் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: பேட்டரியின் எம்.சி.பி.யைப் போடும்போதெல்லாம் "ஷார்ட் சர்க்யூட்" என்று காட்டி பி.எம்.எஸ். நின்றுவிடுகிறது. வயரிங்கில் ஷார்ட் எதுவும் இல்லை.
– வாசகர், ஈரோடு

பதில்: வெறுமையாக இருக்கும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) முதல் கணத்தில் வாரி இழுக்கும் மின்னோட்டத்தைத்தான் பி.எம்.எஸ். ஷார்ட் என்று எண்ணிவிடுகிறது. எம்.சி.பி.யைப் போடுவதற்கு முன், அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே 30 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சில நொடி வைத்து, கெப்பாசிட்டர்களை மெதுவாக நிரப்பிவிட்டு, பிறகு போடச் சொல்லுங்கள். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் சிலர் இதற்கு ஹோல்டரில் மாட்டிய பழைய 60 வாட் குண்டு பல்பையே பயன்படுத்துவார்கள். அதுவும் சரியான வழிதான்.