நட்சத்திரம் ஏன் கோடாக விழுகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, உப்புவெளிக் கடற்கரையில் ட்ரைபொட் வைத்து, 50 எம்எம் லென்ஸில் ஓரியன் நெபுலாவை (ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் தெரியும் வாயு மேகம்) 30 செக்கன் படி எடுத்தேன். நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக வந்திருக்கிறது. படங்களைக் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்துப் பார்த்தாலும் ஒரே இருட்டு. டெலஸ்கோப் வாங்கினால் சரிவருமா?
– மாணவர், உப்புவெளி

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள் தம்பி. டெலஸ்கோப் நெபுலாவோடு சேர்த்து பூமியின் சுழற்சியையும் பெரிதாக்கும், கோடு இன்னும் நீளும். 50 எம்எம்மிலேயே 30 செக்கனுக்கு ஒரு நட்சத்திரம் 25 பிக்சல் அளவுக்கு இழுபட்டுவிடுகிறது. கோடு விழாமல் எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 500ஐ லென்ஸின் எம்எம்மால், அதாவது 50ஆல் வகுத்து, உங்களுடையது சின்ன சென்சர் என்றால் அதை இன்னும் 1.6ஆல் வகுத்தால் 6 செக்கன் வரும். நான் என்றால் 4 செக்கனோடு நிறுத்துவேன். ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, ரோ ஃபைல். ஒரு படத்தில் ஒன்றுமே தெரியாது, பரவாயில்லை, 300 படம் எடுத்தால் 20 நிமிட வெளிச்சம் சேர்ந்துவிடும். இடையில் கால் மணிக்கொரு தடவை ஓரியனை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். படங்களின் எண்ணிக்கையை நாலு மடங்காக்கினால்தான் இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப் பிசிறு) பாதியாகும் என்பதால் இந்த வேலைக்குப் பொறுமை கொஞ்சம் கூடத்தான் வேண்டும்.

ஃபோகஸ்தான் முக்கால்வாசிப் பேரைக் கவிழ்ப்பது. லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்பவேண்டாம். சிரியஸ் என்ற பிரகாசமான நட்சத்திரத்தை லைவ் வியூவில் (கமராத் திரையில்) 10 மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்தி, வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். கடைசியில் லென்ஸை மூடி, அதே செக்கன், அதே ஐஎஸ்ஓவில் முப்பது படம் எடுங்கள். திருமலைச் சூட்டில் சென்சர் போடும் புள்ளிகளைக் கழிக்க அவை வேண்டும். வீட்டுக்கு வந்தபிறகு எடுத்தால் சூடு மாறிவிடும், அங்கேயே எடுங்கள்.

அடுக்கிய படம் இருட்டாக வந்தது பிழையில்லை, அது அப்படித்தான் வரும். டீப்ஸ்கைஸ்டாக்கரோ சிரிலோ, இரண்டும் இலவச மென்பொருள்தான், எதில் அடுக்கினாலும் பிறகு கர்வை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வளைகோடு) இழுத்தால்தான் உள்ளே இருப்பது மேலே வரும். கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் நெபுலாவின் நடு வெள்ளையாக வெந்துபோகும்.

ட்ராக்கர் (பூமியின் சுழற்சிக்கு ஏற்பக் கமராவைத் திருப்பும் கருவி) வாங்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் நேர்ப்படுத்துவார்கள். நமக்கு அது அடிவானத்திலிருந்து எட்டரைப் பாகை உயரத்தில்தான் நிற்கிறது, கையை நீட்டி முட்டி பிடித்தால் முட்டிக்குள் மறைந்துவிடும் உயரம். வடக்கே ஒரு பனைமரம் நின்றாலே போச்சு. ஆனால் அந்த எட்டரைப் பாகையால்தான் நமக்குத் தெற்கு வானம் திறந்து கிடக்கிறது. மே மாதம் இரவு ஒன்பது, பத்து மணிக்கு தெற்கே ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து 34 பாகை உயரத்துக்கு வரும், லண்டனில் இருக்கும் உங்கள் சித்தப்பாவுக்கு அது ஒருநாளும் உதிக்காது. உப்புவெளியில் தெற்கே திரும்பினால் நகரத்து வெளிச்சம் குறுக்கே நிற்கும், அதற்குக் குச்சவெளிப் பக்கம் போங்கள். மாரியில் கமராவைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டாம், மழை விட்டபிறகு பெப்ரவரி, மார்ச்சில் ஓரியன் முன்னிரவிலேயே தலைக்கு மேல் நிற்கும்.

அப்புறம், லென்ஸில் பனி பிடித்தால் சாரத்து நுனியால் துடைக்காதீர்கள், கடல் உப்பு கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதுங்கள்.

கேள்வி: படத்தில் சிவப்பாக இருக்கும் நெபுலா கண்ணுக்கு ஏன் சாம்பலாகத் தெரிகிறது?
– வாசகி, கிண்ணியா

பதில்: மங்கிய வெளிச்சத்தில் நிறம் பார்க்கும் கலங்கள் நம் கண்ணில் வேலை செய்வதில்லை. அந்தச் சிவப்பு ஹைட்ரஜன் வாயுவிலிருந்து 656 நானோமீற்றரில் வருவது. சாதாரணக் கமராவிலும் சென்சருக்கு முன்னால் உள்ள வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால் உங்கள் படத்தில் இளஞ்சிவப்பு வந்தாலே நல்ல படம். வடிகட்டியைக் கழற்றலாம் என்று யாராவது சொன்னால், பகல் படங்களின் நிறம் கெட்டுவிடும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.