கடைப் பெஞ்சில் எனக்கும் ஓர் இலை

சென்ற மாதம் பழைய காரைக்குடிச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பகுதி அதைத் தொட்டே இருக்கின்றன. மற்ற கேள்விகள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

உங்கள் சிறுவயதில் பெண்பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போவார்களா? எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை.
– எம். எல்., தேவகோட்டை

எங்கள் தெருவிலும் எழுந்ததில்லை. எனக்கு அது வாய்த்தது என் ஐயாவால். அம்மாவைப் பெற்றவர். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் தொழில். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். இறுகியதும் கண்ணாடியைக் கழற்றினால் கல்லில் மினுமினுப்புத் தானாக ஏறியிருக்கும். அந்தக் கண்ணாடியும் சாயப்பொடியும் வாங்க ஐயா காரைக்குடிக்கு பஸ் ஏறுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளென்றால் என்னையும் கூட்டிக்கொள்வார். வருடம் 1970, அதற்குச் சற்று முன்பின்.

வேலை முடிய உச்சிவேளை ஆகிவிடும். கடைவீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், ஓடு போட்ட வீட்டின் முன்பகுதிதான் கடை. வாசலில் ஒரு கரும்பலகை. அதில் சுண்ணாம்புக் கட்டியால் ‘சாப்பாடு தயார்’. உள்ளே சுவரை ஒட்டி நீளப் பலகை, அதற்கு முன்னால் பெஞ்சு. வரிசையாக உட்கார்ந்தால் எதிரே சுவர்தான் தெரியும். கால் எனக்குத் தரைக்கு எட்டாது. பலகை என் நெஞ்சுக்கு வரும்.

முதல் தடவை பரிமாறுகிறவர் ஐயாவிடம், “பிள்ளைக்கு ஏட்டில், சின்ன இலைத் துண்டில், வைத்துவிடலாமா? உங்கள் இலையிலேயே கொஞ்சம் கொடுத்தாலும் போதும்” என்றார். ஐயா, “அவளும் பசித்துத்தான் வந்திருக்கிறாள். இலை போடுங்கள்” என்றார். போட்டார். தண்ணீர் தெளித்து நானே துடைத்தேன். உப்பு, மாங்காய், முட்டைக்கோஸ் துவட்டல், கூட்டு, வெண்டைக்காய் மண்டி, அப்பளம். ஐயாவுக்கு எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் எனக்கும் வந்தது. நான்கு கிண்ணத் தூக்கை இடுப்போடு அணைத்துக்கொண்டு அவர் சற்றுக் குனிந்து, “ஆத்தா, துவட்டல் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?” என்று கேட்டார்.

இதில் என்ன இருக்கிறது என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் ஆண்கள் முதல் பந்தி. பெண்பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுவோம், விசிறுவோம், அப்பளம் கொண்டுவந்து வைப்போம். எங்களுக்கு இலை விழும்போது கூட்டு அடிச்சட்டிக்குப் போயிருக்கும், ரசத்தில் தெளிவு மட்டும் மிஞ்சியிருக்கும். குறையாக யாரும் சொன்னதில்லை, அதுதான் வழக்கம். ஆனால் அந்தப் பெஞ்சில் சோறு ஆவி பறக்க என் இலையில் விழுந்தது. இன்னும் வேண்டுமா என்று ஒருவர் என்னைக் கேட்டார். வேண்டும் என்று சொன்னேன், வைத்தார். கடைச் சாப்பாட்டின் ருசியைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் இதுவும் அதில் கலந்தேதான் இருக்கிறது. பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை, பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கல்லாவில் எனக்கு அரைச் சாப்பாட்டுக் காசுதான் வாங்கினார்கள். மீதியில் ஆறு மூலை மூன்று பைசாக்களும், 1968இல் வந்த, தாமரைப் பூ போட்ட மஞ்சள் இருபது பைசாவும் இருக்கும். தாமரைக் காசு எனக்கு.

பெரியவளான பிறகு பெஞ்சு நின்றுபோனது. பிறகு வந்த ஓட்டல்களில் ‘ஃபேமிலி ரூம்’ என்று துணித்திரை போட்ட ஓர் அறை உண்டு. மின்விசிறி முன்கூடத்தில் சுற்றும், நமக்குத் திரைதான் ஆடும். சாம்பார் வேண்டுமென்றால் திரையை விலக்கிக் கூப்பிட வேண்டும். அந்த அறை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

சாப்பிட்டு முடித்தபின் இலையை எந்தப் பக்கம் மடிப்பது?
– கே. ஆர்., திருப்பத்தூர்

எங்கள் பக்கம், நம்மை நோக்கி. எதிர்ப்புறமாக மடிப்பது துக்க வீட்டில். ஊருக்கு ஊர் இது மாறும். பக்கத்து இலைக்காரர் எப்படி மடிக்கிறார் என்று பார்த்து மடித்தால் போதும். நான் அப்படித்தான் கற்றேன்.

வட கரோலினாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்குள்ள முதியவர்கள், சிறுவயதில் பெரிய கடைகளுக்குள் இருந்த ‘லஞ்ச் கவுண்டர்’ பற்றி ஆசையாகப் பேசுகிறார்கள். உயரமான சுழல் நாற்காலி, கண்ணெதிரே சமையல், அம்மாவோடு கடைவீதி போன நாளில் அங்கே சாப்பாடு. நம் பெஞ்சுக் கடையும் இதுவும் ஒன்றுதானே?
– பி. எஸ்., சொந்த ஊர் கோட்டையூர்

நிறையவே ஒன்று. தெரியாதவர்களோடு தோள் உரசி உட்கார்வது, பெரியவர்கள் சாப்பிடும் இடத்தில் குழந்தைக்கும் ஓர் இருக்கை கிடைப்பது, இரண்டும் அங்கேயும் இங்கேயும் உண்டு. இன்னொன்றிலும் ஒற்றுமை இருக்கிறது. நீங்கள் இருக்கும் மாநிலம் என்பதால் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1960 பிப்ரவரி 1ஆம் தேதி, அங்கே க்ரீன்ஸ்பரோ நகரத்து உல்வொர்த் கடையில் கறுப்பின மாணவர்கள் நால்வர் லஞ்ச் கவுண்டரில் போய் உட்கார்ந்தார்கள். அதே கடையின் மற்றப் பகுதிகளில் அவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு பொருள் கொடுத்தார்கள். சாப்பாட்டுப் பலகையில் ஒரு காபி கொடுக்க மறுத்தார்கள். மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தார்கள், இன்னும் பலரோடு. அந்த ஜூலையில்தான் கவுண்டர் எல்லோருக்கும் திறந்தது. அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

நம் பக்கமும் அப்படித்தான். சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957இல் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை போனார்கள். தீண்டாமைக் குற்றச் சட்டம் அதற்கும் முன்பே, 1955இலேயே வந்துவிட்டது. ஆனால் நான் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களில், நாங்கள் எப்போதாவது போகும் வேறொரு கடையில், வாழை இலைக் கட்டைத் தலையில் சுமந்து வருகிறவர் பின்வாசலில் இறக்கிவைத்துவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் குடிக்கும் குவளை தனியே இறவாணத்தில், கூரையின் தாழ்ந்த ஓரத்தில், செருகியிருக்கும். ஊருக்கெல்லாம் சாப்பிட இலை கொண்டுவந்தவர் அவர். சட்டம் வந்து பதினைந்து வருடம் ஆகியும் அந்தக் குவளை அங்கேயே இருந்தது. ஐயாவிடம் ஏன் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு அந்தக் கடைக்கு நாங்கள் போகவில்லை. பழைய கடைகளைப் பற்றி இனிமையாக எழுதும்போது அந்தப் பின்வாசலையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். நமக்கு இனித்த இடத்தில் இன்னொருவர் அவமானப்பட்டிருக்கிறார்.

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றாலே கண்ணில் நீர் வரவைக்கும் காரம் என்கிறார்களே, அந்தக் காலத்துக் கடைகளிலும் அப்படியா?
– ஆர். வி., மதுரை

இல்லவே இல்லை. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மிளகும் சோம்பும் பட்டையும் கல்பாசியும் வாசத்துக்காகச் சேர்ப்பவை. அந்த வாசம் இலையில் நிற்க வேண்டுமானால் மிளகாய் அடங்கியிருக்க வேண்டும். கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, தேங்காயும் கசகசாவும் சோம்பும் அரைத்து ஊற்றிய திரக்கலை இடியாப்பத்தோடு தின்றவர்களுக்குத் தெரியும், அது பச்சைக் குழந்தைக்கும் ஊட்டக்கூடியது. காரம் வேண்டியவருக்கு வெள்ளைப் பணியாரத்துக்கு அருகில் மிளகாய்த் துவையல் தனியே இருக்கும். தொட்டுக்கொள்வதும் விடுவதும் அவர் விருப்பம். இன்று நெடுஞ்சாலையோரத்தில் செட்டிநாடு என்று பலகை மாட்டி, சிவப்பு எண்ணெய் மிதக்கக் கொடுப்பதற்கும் எங்கள் அடுப்படிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்தக் கடைகளில் சமைத்தவர்கள் யார்? முதலாளியின் பெயர் ஊருக்கே தெரியும், சமைத்தவர் பெயர் தெரியாது.
– டி. எம்., பள்ளத்தூர்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பெரிய ஓட்டல்களில் சரக்கு மாஸ்டர் இருப்பார். நான் சொல்லும் வீட்டுக் கடைகளில் பெரும்பாலும் ஓர் ஆச்சி. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது அங்கே கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் கையில் அகப்பட்டதோடு ஊர் திரும்பினார்கள். 1948இல் பர்மிய அரசு நிலங்களைத் தேசியமாக்கும் சட்டம் கொண்டுவந்தது. முதலாளிகளுக்கு விழுந்த அடி அங்கே போன கணக்கப்பிள்ளைகளுக்கும் சமையல்காரர்களுக்கும், இங்கே அவர்களை நம்பியிருந்த வீடுகளுக்கும் சேர்த்தே விழுந்தது. வீடு பெரிதாக நின்றது, வருமானம் நின்றுபோனது. பல பெண்களுக்குக் கையில் மிஞ்சியது சமையல். பலகாரம் செய்து கொடுத்தார்கள், எடுப்புச் சாப்பாடு அனுப்பினார்கள், சிலர் முன்கட்டில் பெஞ்சு போட்டார்கள்.

எங்கள் சந்துக் கடையிலும் கல்லாவில் உட்கார்ந்தவர் தம்பி. உள்ளே விறகடுப்பில் வெந்தவர் அக்காள். முன்கூடத்துக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. கை கழுவப் பின்கட்டுக்குப் போகும்போதுதான் பார்ப்பேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, இடது கையால் சோற்றுத் தவலையைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருப்பார். முழங்கைக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்புகள். ஐயா அந்த நிலைப்படியில் நின்று, “ஆச்சி, இன்றைக்கு ரசம் அமிர்தம்” என்று சொல்லாமல் வந்ததில்லை. அவர் நிமிர மாட்டார். “பிள்ளை சாப்பிட்டதா?” என்று மட்டும் கேட்பார். கடைசி இலையும் எழுந்தபின் நாலு மணி வாக்கில்தான் அவருக்குச் சாப்பாடு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அந்த மாதிரிக் கடைகள் இன்றும் இருக்கின்றனவா?
– எஸ். என்., சென்னை

காரைக்குடியில் வீட்டுச் சமையல் மெஸ்கள் இருக்கின்றன. ஒரு மணிக்கு முன்பே போங்கள், மண்டி முதலில் தீர்ந்துவிடும். பழைய கடைகளின் பளிங்கு மேசைகளைப் பார்க்க வேண்டுமானால் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்கள். இடித்த வீடுகளின் கதவு, நிலை, தூண், எனாமல் சட்டிகளோடு சில சமயம் அவையும் விலைக்கு நிற்கும். வாங்குகிறவர்கள் அவற்றை வரவேற்பறையில் போடுகிறார்கள். சாப்பிடுவதற்குப் போட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

வெண்டைக்காய் மண்டி செய்முறை தர முடியுமா?
– வாசகிகள் பலர்

மேலே சொன்ன ஆச்சியிடம் என் அம்மா கேட்டு வாங்கி வந்தது இது.

அரிசியை ஒரு முறை அலசிக் கொட்டிவிடுங்கள். இரண்டாம் முறை நன்றாகப் பிசைந்து கழுவிய தண்ணீர் 2 டம்ளர் வேண்டும். மண்டியின் உயிர் அதில்தான். குழம்பு திரண்டு காயைப் பற்றுவது அதிலுள்ள மாவுச்சத்தால். சின்ன எலுமிச்சை அளவு புளியை அதிலேயே ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். கால் கிலோ வெண்டைக்காயைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு, விரல் நீளத்தில் பாதியாக நறுக்குங்கள்.

நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், கறிவேப்பிலை தாளியுங்கள். முழுச் சின்ன வெங்காயம் 15, பூண்டுப் பல் 10, கீறிய பச்சை மிளகாய் 6 போட்டு வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் வெண்டைக்காயைப் போட்டு, பிசுபிசுப்பு அடங்கும்வரை வதக்கிவிட்டுப் புளிக்கரைசலை ஊற்றுங்கள். உப்பு, மஞ்சள்தூள், ஏற்கெனவே ஊறவைத்து வேகவைத்த மொச்சை ஒரு கைப்பிடி. சிறு தீயில் சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரியும்போது ஒரு துண்டு வெல்லம் போட்டு இறக்குங்கள்.

மிளகாய்த்தூள் வேண்டாம். தேங்காய் வேண்டாம். குக்கரில் வைக்கவே வைக்காதீர்கள், காய் குழைந்துவிடும். சுடச்சுடச் சாப்பிடுவதைவிட ஆறியபின் நன்றாக இருக்கும். மறுநாள் தயிர்ச்சோற்றுக்கு அதைவிடவும் நன்றாக இருக்கும். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.