நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது என்றால் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்தே ஆக வேண்டுமா?

உங்கள் தந்தைக்கு 68 வயது என்றும், நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உண்டு என்றும், 200 மீட்டர் நடப்பதற்குள் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, சற்று நின்றால் விட்டுவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒலி அலைகளால் இரத்த ஓட்டத்தைக் காணும் டாப்ளர் பார்த்த பிறகும், இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்வது ஏன், அது உண்மையிலேயே தேவையா என்பது உங்கள் கேள்வி. நான் மருத்துவர் அல்லன். ஆனால், என் தாயாரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு சி.டி. அறிக்கையை வைத்துக்கொண்டு சொன்னார்கள். அந்தக் கால் இன்றும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தாயாருக்கும் முதலில் நடக்கும்போது மட்டும்தான் வலி. ஏறக்குறைய ஓராண்டு, முதுகெலும்பில் நரம்பு அழுந்துகிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். முதுகெலும்புக் கோளாறாலும் நடக்கும்போது கால் வலிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வலி உட்கார்ந்தாலோ முன்புறம் குனிந்தாலோதான் அடங்கும் என்றும், இரத்தக்குழாய் அடைப்பால் வரும் வலிக்கு நின்ற இடத்தில் நின்றாலே போதும் என்றும் பின்னாளில் ஒரு மருத்துவர் விளக்கினார். அந்த ஓராண்டில் ஒருவர்கூட அவருடைய காலுறையைக் கழற்றச் சொல்லிப் பாதத்தில் துடிப்பைத் தொட்டுப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது இப்போதும் மனம் கொதிக்கிறது.

பிறகு ஒருவர் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் பரிசோதனையைச் செய்தார். கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 1.00 முதல் 1.40 வரை இருந்தால் இயல்பு; 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு நோய் என்று கொள்வார்கள். என் தாயாருக்கு 1.5 வந்தது. எண் பெரிதாக இருந்ததால் இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பல ஆண்டுச் சர்க்கரை நோயில் குழாயின் சுவரில் கால்சியம் படிந்து இறுகிவிட்டால், அளக்கும் பட்டை எவ்வளவு அழுத்தினாலும் குழாய் அமுங்காது. எண் பொய்யாக ஏறிவிடும். 1.40-ஐத் தாண்டிய எண்ணைக் கண்டால் கால் பெருவிரலில் அழுத்தத்தை அளக்க வேண்டும், ஏனென்றால் விரலின் சிறு குழாய்கள் அந்த அளவுக்கு இறுகுவதில்லை. எங்களுக்கு அதை யாரும் செய்யவில்லை. உங்கள் தந்தைக்கு இந்த எண் என்ன என்று முதலில் கேட்டறியுங்கள்.

மூன்று மாதம் கழித்து, செருப்பு உரசிய சிறு புண் ஆறாமல் கறுத்தது. அதன் பிறகுதான் சி.டி. ஆஞ்சியோகிராம். மேசையில் கால்களை முன்னே நீட்டிப் படுக்க வைத்து, கையின் இரத்தக்குழாயில் அயோடின் கலந்த சாய மருந்தைச் செலுத்தி, அது வயிற்றின் பெருந்தமனியிலிருந்து பாதத்தை நோக்கி இறங்கும்போது படம் எடுக்கிறார்கள். உடல் முழுவதும் ஒரு வெப்பம் பரவும், சிறுநீர் வெளியேறிவிட்டதுபோல் தோன்றும், வாயில் உலோகச் சுவை தெரியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவர் அஞ்சவில்லை. படம் எடுக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

இடுப்பிலும் தொடையிலும் உள்ள பெரிய குழாய்களை அந்தப் படம் மிகத் தெளிவாகக் காட்டியது. எங்கே குறுகியிருக்கிறது, எவ்வளவு நீளம் என்று படிப்பறிவு இல்லாதவர்கூடச் சொல்லிவிடலாம். சி.டி. மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பரிசோதனைக்கு எதிராகப் பேசுகிறேன் என்று சிலர் எழுதக்கூடும். பாதிக்கு மேல் குறுகிய குழாய்களைக் கண்டுபிடிப்பதில் அதன் துல்லியம் 95 விழுக்காட்டை ஒட்டியது என்று 2009-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சிக்கல் முழங்காலுக்குக் கீழேதான் வந்தது. அங்கே மூன்று மெல்லிய குழாய்கள் பாதத்துக்கு இறங்குகின்றன. எங்கள் அறிக்கையில் மூன்றுமே முழுமையாக அடைபட்டவை என்று எழுதியிருந்தது. அதைப் படித்த அறுவை மருத்துவர், படத்தைத் திறந்து பார்க்காமலேயே, காலை எடுப்பதற்கு நாள் குறிக்கலாம் என்றார்.

சி.டி. படத்தில் சாய மருந்தும் வெண்மை, கால்சியமும் வெண்மை. கால்சியம் தன் உண்மையான அளவைவிடப் பூத்துப் பெரிதாகத் தெரியும். மெல்லிய குழாயில் அந்த வெண்மை உள்வழியை மறைத்துவிடும், திறந்திருக்கும் குழாய்கூட அடைபட்டதுபோல் தோன்றும். மேலே அடைப்பு இருந்தால் இரத்தம் மெதுவாகவே இறங்கும் என்பதால், மேசை வேகமாக நகர்ந்து, சாய மருந்து பாதத்தை எட்டுவதற்கு முன்பே படம் முடிந்துவிடுவதும் உண்டு. அதற்காகவே பலர் முழங்காலுக்குக் கீழே இரண்டாம் முறை படம் எடுக்கிறார்கள். எங்களுக்கு எடுக்கப்படவில்லை. இவற்றையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர், இரண்டாவது கருத்துக்காகத் தேடிப்போன ஒரு இரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணர். அவர் அறிக்கையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். குறுந்தகட்டைத் திறந்து, படத்தின் ஒளி அளவை மாற்றி மாற்றி அரை மணி நேரம் பார்த்தார். நடுவில் இறங்கும் குழாய் திறந்திருக்கக்கூடும் என்றார்.

தொடையிடுக்கில் ஊசி செலுத்தி, குழாய்க்குள்ளேயே சாய மருந்தை விட்டு எடுக்கும் நேரடி ஆஞ்சியோகிராமில் அது உண்மை என்று தெரிந்தது. அதே மேசையில், அதே ஊசித் துளையின் வழியாக, தொடையிலிருந்த அடைப்பையும் அந்தக் குழாயின் குறுகிய இடத்தையும் பலூனால் விரித்தார். ஒரு விரல் போயிற்று. பாதம் நின்றது. இப்படிக் குழாயின் உள்ளிருந்தே அடைப்பைத் திறக்கும் முறையை 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர் முதன்முதலாகச் செய்ததும், காலை அகற்றச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்மணி ஒருவருக்குத்தான் என்பதைப் பிறகு படித்தபோது நான் சிறிது நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க சி.டி. தேவையில்லை, அதற்குப் பாதத்துத் துடிப்பும், அழுத்த அளவும், டாப்ளரும் போதும். எங்கே பலூன் வைப்பது, அடைப்பைத் தாண்டி இரத்தம் செல்ல எங்கிருந்து எங்கே மாற்றுப்பாதை தைப்பது என்று முடிவு செய்யப் போகிறவருக்கு வேண்டிய வரைபடம்தான் சி.டி. ஆகவே, மருத்துவரிடம் "இந்தப் படத்தைப் பார்த்தபின் நீங்கள் என்ன செய்யத் திட்டமிடுகிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். புகைப்பதை நிறுத்துவது, வலி வரும்வரை நடந்து ஓய்வெடுத்து மீண்டும் நடக்கும் முறையான பயிற்சி, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை ஆகியவற்றையே முதலில் முயலப் போகிறார் என்றால், படம் காத்திருக்கலாம். அறிகுறியே இல்லாதவருக்கு முன்னெச்சரிக்கையாக இதை எடுக்கக் கூடாது என்றே மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

எடுப்பதாக முடிவானால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையைச் செய்யாமல் சாய மருந்தை ஏற்க வேண்டாம். சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கக்கூடும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை உட்கொள்கிறார் என்றால் அதையும், முன்பு சாய மருந்தால் ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். சிறுநீரகம் மிகவும் குன்றியிருந்தால் டாப்ளரை இன்னும் விரிவாகச் செய்து அதை வைத்தே திட்டமிடுபவர்களும் இருக்கிறார்கள். அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல், படங்கள் அடங்கிய குறுந்தகட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதத்தில் புண் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இன்று இரவே விரல் இடுக்குகளையும் குதிகாலையும் விளக்கொளியில் பாருங்கள். இரவில் வலி தாங்காமல் காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டுக்கொள்கிறாரா என்றும் கேளுங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் நான் மேலே சொன்ன பொறுமை உங்களுக்குப் பொருந்தாது. நாளைக் காலையே இரத்தக்குழாய் நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள், அவர் அன்றே சி.டி. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.