மார்ச்சில் டெண்டல் சேர் வாங்கினால் வரி குறையுமா?

சொந்த கிளினிக் வைத்திருக்கிறீர்கள். மார்ச் 31-க்குள் 6 லட்சத்துக்குப் புது சேர் எடுத்தால் இந்த வருட வரி குறையும் என்று டீலர் சொல்கிறார், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர் தேவை என்றால் எடுங்கள். வரிக்காக எடுக்காதீர்கள். பிப்ரவரி பிறந்ததுமே இந்தப் பேச்சோடு வந்து நிற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கணக்கை மட்டும் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வசூலில் பாதியை லாபமாகக் காட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் அந்த 6 லட்சத்தால் ஒரு ரூபாய்கூட வரி குறையாது. வாடகை, சம்பளம், லேப் பில், தேய்மானம் (பொருள் பழசாவதற்கு வருடா வருடம் கழிக்கும் தொகை) எல்லாம் மீதிப் பாதியில் அடங்கிவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

முழுக் கணக்கு எழுதுபவர் என்றால் சேருக்குத் தேய்மானம் 15 சதவீதம். அக்டோபர் 3-க்குப் பிறகு பயன்பாட்டுக்கு வந்தால் 180 நாள் தேறாது, பாதிதான், 7.5. அதாவது 45,000 ரூபாய் கழியும். 30 சதவீத ஸ்லாபில் செஸ்ஸும் சேர்த்து மிச்சமாவது 14,040 ரூபாய். இதற்கும் பில் தேதி மட்டும் போதாது. பெட்டி பிரிக்காமல் கிடக்கும் சேரும், கம்ப்ரசர் லைன் இழுக்காத சேரும் பயன்பாட்டுக்கு வந்ததாகாது. இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டும், அந்த சேரில் பார்த்த முதல் நோயாளியின் பதிவும் ஃபைலில் இருக்கட்டும். ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை சேரின் விலையில் சேராது.

'தேய்மானம் அடுத்தடுத்த வருடமும் வருமே' என்று ஆடிட்டர்கள் யாராவது சொல்வீர்கள். வரும், மறுக்கவில்லை. 14,040 ரூபாய்க்காக 6 லட்சம் கடன் வாங்க வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச்சில் உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு. 44ஏடிஏ-வில் இருப்பவர் அட்வான்ஸ் டாக்ஸ் முழுவதையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்ட வேண்டும். தவறினால் 31-க்குள்ளாவது கட்டிவிடுங்கள். வரியில் 90 சதவீதம் தேறவில்லை என்றால் ஏப்ரலிலிருந்து மாதம் 1 சதவீத வட்டி தனியாக ஓடும்.

வசூல் 50 லட்சத்தைத் தாண்டியிருந்தால் ரொக்கத்தைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். மொத்த வசூலில் 5 சதவீதத்துக்குள் இருந்தால்தான் 75 லட்சம் வரை 44ஏடிஏ கிடைக்கும். 60 லட்சம் வசூலில் ரொக்கம் 3 லட்சத்தைத் தாண்டினாலே கணக்குப் புத்தகம், ஆடிட் எல்லாம் வந்துவிடும்.

பலரும் மாட்டுவது இம்ப்ளான்ட் கேஸில். 4 லட்ச ரூபாய் ஃபுல் மவுத் வேலைக்கு நோயாளி சிட்டிங்குக்கு 80,000 வீதம் ஐந்து முறை ரொக்கம் தருகிறார். ஒவ்வொன்றும் ரொக்க வரம்பான 2 லட்சத்துக்குக் கீழே என்று நினைக்காதீர்கள். ஒரே சிகிச்சை, ஒரே பரிவர்த்தனை. 269எஸ்டி பிரிவை மீறியதற்காக, வாங்கிய ரொக்கத்துக்குச் சமமான தொகை அபராதமாக வரலாம்.

போன வருட வசூல் 50 லட்சத்தைத் தாண்டியிருந்தால், வந்து போகும் ஆர்த்தோ (பல் சீரமைப்பு), எண்டோ (வேர் சிகிச்சை) கன்சல்டன்ட்டுக்குக் கொடுக்கும்போதே டி.டி.எஸ். வரி 10 சதவீதம் பிடிக்க வேண்டும். 2025-26-லிருந்து, ஒருவருக்கு ஆண்டில் கொடுப்பது 50,000 ரூபாயைத் தாண்டினால் இது பொருந்தும். பிடிக்காவிட்டால், முழுக் கணக்கு எழுதுபவருக்கு அந்தச் செலவில் 30 சதவீதம் கழிவாக ஏற்கப்படாது.

நான் சொல்லும் பிரிவு எண்கள் 1961 சட்டத்தின்படி, 2025-26 நிதியாண்டுக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம், எண்கள் மாறும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். லேப்கள் மாதக் கடைசியில் 'கிரவுன் 14, பிரிட்ஜ் 3' என்று ஒரே துண்டுச் சீட்டைக் கொடுத்துவிடுகின்றன. நோயாளி பெயர் இல்லை, பல் எண் இல்லை. நோயாளி பெயரோடு நீங்கள் எழுதும் 3சி படிவ தினசரிப் பதிவேட்டோடு எதை ஒப்பிடுவது? கேஸ் வாரியாக பில் கேளுங்கள். தராவிட்டால் பணத்தை நிறுத்திவையுங்கள்.